எள்ளுப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும்

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் யமுனா சென்ற வாரம் மடிக்கணினியோடு வந்தாள். இந்த வயதிலும் என்னை 'ஆன்ட்டி' என்று அழைப்பவள் என்பதாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். செலவைக் குறைக்கும் கணக்குகள் படிக்கிறாளாம். "ஒரு கணக்கு சொல்லுங்க ஆன்ட்டி, போட்டுப் பாக்கலாம்" என்றாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், விலைகள்கூட மனப்பாடம். சொன்னேன். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் விடை வந்து நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதிதான் என்னை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசிக்குக் கொண்டுபோயிற்று. திருவொற்றியூரில், மாட்டுத் தீவன ஆலை ஒன்றின் மாடியறையில், கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கித் தரும் இரும்பு யந்திரங்கள் இரண்டு இருந்தன. அவை போட்ட கடகடவென்ற சத்தத்தில் கடலின் ஓசைகூடக் கேட்காது. பழைய யந்திரம் எனக்கு. எண்களை நகர்த்தும் நெம்புகோல் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். புதியது பிலோமினாவுக்கு. சன்னலோரமும் அவளுக்கே. இதையெல்லாம் இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன் என்பதிலிருந்தே என் குணம் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

புண்ணாக்கு வாசம் புடவையில் ஏறினால் எளிதில் இறங்காது. மாலைப் பேருந்தில் நான் டோல்கேட்டில் இறங்கும்வரை என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அதே வாசத்தோடு இராயபுரம் வரை போகும் பிலோமினாவுக்கு மட்டும் சிரித்துப் பேச யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அது எப்படி என்று எந்தக் கணக்கைப் போட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தீவனத்தில் புரதம் ஓரளவுக்குக் கீழே போகக்கூடாது. நார்ச்சத்து ஓரளவுக்கு மேலே போகக்கூடாது. தவிடு, கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாவற்றுக்கும் விலை வேறு வேறு. இந்தக் கட்டுகளுக்குள் மிகக் குறைந்த செலவில் ஒரு கலவை வேண்டும். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மேலாளர் சபாபதி அதற்கான முறையைக் கற்றுத்தந்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரு பொருளை உள்ளே சேர்த்து வேறொன்றை வெளியே தள்ள வேண்டும். செலவு குறைந்துகொண்டே வரும். இனிக் குறையாது என்னும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரே கணக்கை இருவரும் தனித்தனியே போட்டு, விடை ஒத்துப்போன பிறகே கலவைக் கூடத்துக்கு அனுப்புவார்.

நான் விதி தவறாமல் தாள் தாளாக நடப்பேன். பிலோமினா கண்ணை மூடி எதையோ யோசித்து, தோன்றிய பொருளை உள்ளே சேர்ப்பாள். எனக்கு முன்னால் முடித்துவிடுவாள்.

"இன்னாக்கா, இன்னும் மூணாவது தாளிலயா கீறே?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவாள். அவள் தப்பாகப் போட்டுவிடக்கூடாதா என்று ஏங்கியபடி நான் கைப்பிடியைச் சுற்றுவேன்.

இருவருமே தற்காலிகம். ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்திருந்த வாரத்தில்தான் எங்கள் விடைகள் முதன்முறையாக ஒத்துப்போகவில்லை. அவள் கலவையில் எள்ளுப் புண்ணாக்கு இருந்தது, பருத்திக்கொட்டை இல்லை, என்னுடையதில் நேர்மாறு. ஒருத்தி தவறியிருக்க வேண்டும், அது நானில்லை என்று உறுதியாக நம்பினேன். அன்று காலைத் தேநீர் எனக்கு அத்தனை இனித்தது.

சபாபதி இரண்டு தாள்களையும் கூட்டிப் பார்த்தார். செலவு காசு பிசகாமல் ஒன்றாக இருந்தது.

"ரெண்டும் சரிம்மா. ஒரே செலவுல ரெண்டு வழி. இப்படியும் வரும்."

சீட்டு வாங்க வந்திருந்த கலவைக் கூடத்து கரீம் பாய் தலையைச் சொறிந்தார். "இன்னா சார், ரெண்டு சீட்டு கீது? எத்த கொட்டறது?"

"மாட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான் பாய்."

"மாட்டுக்கு சர்தான். எனுக்கு பேஜாரா கீதே!"

பிலோமினா என் தோளைத் தட்டினாள். "அக்கா, ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டோம்!" என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் தோற்காத வெற்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

விலை எவ்வளவு மாறினால் விடை மாறும் என்று பார்ப்பது அந்தக் கணக்கின் பின்பாதி. பார்த்தோம். எள்ளுப் புண்ணாக்கு சிறிது இறங்கினாலும் அவள் கலவை மலிவு. சிறிது ஏறினாலும் என்னுடையது. சபாபதி பெருமூச்சு விட்டார். "நாளைக்குப் புது விலை வரும். எது மலிவோ அது கூடத்துக்குப் போகட்டும். நிரந்தர வேலைக்கும் அந்தத் தாள் போட்டவங்க பேரையே எழுதிடறேன். இதுக்கு மேல உங்களுக்குள்ள வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியல."

எள்ளை அதிரசத்தில் மட்டுமே அறிந்திருந்த நான், அதன் விலை ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பேசின் பிரிட்ஜில் எள் வேகன்கள் நகராமல் நிற்கின்றன என்று பேருந்தில் யாரோ சலித்துக்கொண்டபோது எனக்கு மட்டும் மனம் குளிர்ந்தது.

வேகன்கள் நகர்ந்துவிட்டன. மறுநாள் கரீம் பாய் படியேறும்போதே கத்தினார்: "பிலோம்மா, எள்ளு எறங்கிட்சு! இன்னிக்கு உன்னுதுதான்!"

கலவையில் இடம் கிடைக்காத பொருளுக்கும் கடைசித் தாளில் ஓர் எண் உண்டு. விலை இன்னும் எவ்வளவு இறங்கினால் அது உள்ளே வரலாம் என்பதைக் காட்டும் எண். அன்று பருத்திக்கொட்டைக்கு நேரே இருந்த எண் மிகச் சிறியது. பெரியதாக இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

நான் விடைபெற்ற நாளில் பிலோமினா கீழே வாசல்வரை வந்தாள். "வெல ஏறியிருந்தா நீதானேக்கா? இதுல இன்னா கீது?" என்றாள். வேலையைவிட, சன்னலைவிட, அந்தப் புது யந்திரத்தைவிட, அப்படிச் சொல்ல முடிந்த அவள் மனத்தின் மீதுதான் எனக்குப் பொறாமை மிகுந்தது. பிறகு ஒரு பள்ளியில் எத்தனையோ ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பொறாமை தீரவில்லை.

ஆலை இருந்த இடத்தில் இப்போது சரக்குப் பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். புண்ணாக்கு வாசம் இல்லை. யந்திரங்கள் பழைய இரும்பாகப் போயிருக்கும். பிலோமினாவும் போய்விட்டாள்.

யமுனாவின் திரையில் வந்தது எள்ளுப் புண்ணாக்குக் கலவை. சுருக்கென்றது. "பருத்திக்கொட்டை போட்டாலும் இதே செலவுதான் வரும், பார்" என்றேன்.

"அதே செலவுன்னா ஒண்ணு போதுமே ஆன்ட்டி" என்று மூடிவைத்துவிட்டாள்.

போதும்தான். எதிரில் உட்கார்ந்து, என்னுடையதல்லாத சரியான விடையைப் போட்டுவிட்டு, "இன்னும் மூணாவது தாளிலயா?" என்று கேட்க இனி யாரும் இல்லை.