ஆளுக்கு ஒரு ஆம்லெட்

காய்ஞ்ச எண்ணெய்ல முட்டை விழுற அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம்... பிள்ளைப்பாக்கம் பக்கம் நாங்க தங்கியிருந்த ரூம்ல எங்களுக்கு அதுதான் குட்மார்னிங்.

நைட் ஷிஃப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ல கழுத்து தொங்கத் தொங்கத் தூங்கி வந்து இறங்கினா, சோறு வைக்க ஒருத்திக்கும் தெம்பு இருக்காது. முட்டைதான். ஒரே ஒரு அடுப்பு, விளிம்பு நசுங்கின ஒரே ஒரு தோசைக்கல். அபிப்பிராயம் மட்டும் தாராளமா இருந்துச்சு.

2009, 2010 இருக்கும். நாங்க மூணு பேரும் ஒரே செல்போன் கம்பெனி, ஒரே லைன். ஆளுக்கு ஒரு ஸ்டேஷன்ல நின்னு, வரிசையா வர்ற போனுக்கு அவங்கவங்க பாகத்தை மாட்டி அனுப்பணும்.

நான் திண்டிவனம் பக்கம். வெங்காயத்தை முதல்ல நல்லா வதக்கிட்டு, அதுக்கு மேல முட்டையை ஊத்தணும். அது என் கட்சி. கோகிலா காஞ்சிபுரத்துக்காரி. அவளுக்கு எல்லாத்தையும் பச்சையாப் போட்டு, நுரை வர அடிச்சு, தீயை முழுசா வச்சு, ஓரம் மொறுமொறுன்னு வரணும்.

“வதக்கிப் போட்டா அது ஆம்லெட் இல்லடி, பொரியல். வெங்காயம் பல்லுல கடிபடணும். இன்னாடி நீ, இதுகூடத் தெரியாம கீற?”

“பச்சை வெங்காயத்தைக் கடிக்க நீ என்ன ஆடா?”

இப்படியே பேசி முடிக்கிறதுக்குள்ள கல்லு புகைய ஆரம்பிச்சிடும்.

மூணாவது ஆள் மாரிச்செல்வி. வள்ளியூர் பக்கம். எங்களைவிட சின்னவ. தட்டைக் கையில வச்சுக்கிட்டு எங்க சண்டையை வேடிக்கை பார்ப்பா. உனக்கு எப்படிடி வேணும்னு கேட்டா, ரொம்ப நாளைக்கு ஒரே பதில்தான்.

“எதுனாலும் சரிதான்க்கா.”

அப்புறம் அவளை டெஸ்டிங்ல போட்டாங்க. சரியில்லாத போனை ஒதுக்கி வைக்கிற வேலை. ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, டார்கெட் போகுது, பாஸ் பண்ணும்மான்னு கத்தினார். “டிஸ்ப்ளேல கோடு விழுது சார், பாஸ் பண்ண மாட்டேன்”னு தலையைக்கூட நிமிர்த்தாம சொன்னா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க யாருக்கும் அந்த தைரியம் வந்ததில்ல.

அந்த வாரமே ரூம்லயும் வாயைத் திறந்தா. சின்ன வெங்காயம், மிளகு, ரெண்டையும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, சின்ன தீயில. மூணாவது கட்சி உதயம்!

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மாரியோட அப்பா வந்து நின்னார். பொம்பளைப் பிள்ளையைத் தனியா விட்டா கெட்டுப் போயிடும்னு ஊர்ல யாரோ ஏத்தி விட்டிருக்காங்க.

“ஏளா, வேலை பாத்தது போதும். துணிமணியை எடுத்து வை”ன்னார். ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டே வந்திருந்தார்.

மாரி சுவரோரமா ஒட்டிக்கிட்டு நின்னா. அந்தப் பழைய 'எதுனாலும் சரிதான்' முகம் திரும்ப வந்துடுச்சு.

முதல்ல மனுஷனைச் சாப்பிட வைப்போம், மனசு இளகும்னு கோகிலா காதைக் கடிச்சா. யாரு ஆம்லெட் போடுறதுன்னு அங்கயும் சண்டை! கடைசியில லைன்ல மாதிரியே பிரிச்சுக்கிட்டோம். நறுக்கி வதக்குறது என் ஸ்டேஷன். அடிச்சு ஊத்துறது அவ ஸ்டேஷன்.

பக்கத்து ஸ்டேஷன்ல என்ன நடக்குதுன்னு லைன்ல யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லையே... நான் வெங்காயத்துல உப்பு போட்டேன். அவ முட்டையில போட்டா. மறந்துட்டோமோன்னு ஆளுக்கு ஒரு தடவை மேலயும் தூவினோம்.

அவர் ஒரு வாய் வச்சுட்டு முழிச்சார். பாவம், மரியாதைக்குத் துப்பல.

மாரி வந்தா. அவர் தட்டுல இருந்து ஒரு துண்டு பிச்சு வாயில போட்டா.

“இது ரிஜெக்ட். தள்ளுங்கக்கா ரெண்டு பேரும்.”

தள்ளி நின்னுட்டோம். சூப்பர்வைசரையே நிறுத்தினவ, நாங்க எம்மாத்திரம்! வெங்காயம், மிளகு தட்டி, நிதானமா முட்டையை ஊத்தினா. அவ அப்பா எழுந்து வந்து பின்னால இருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏளா, மஞ்சப்பொடி போடலியா?”

“எனக்கு மஞ்சப்பொடி பிடிக்காதுப்பா.”

“பிடிக்காதா? இத்தன வருசம் வீட்டுல தின்னியே?”

“நீங்க கேக்கலியேப்பா. வச்சதத் தின்னேன்.” அடுப்பைப் பார்த்துக்கிட்டேதான் பேசினா. “இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. அதையும் நீங்க கேக்கல. நான் வரலப்பா.”

மாரி ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டு, இறக்கி, தட்டுல வச்சு நீட்டினா. நீட்டின தட்டைப் பின்னால இழுக்கல. இன்னிக்கு நினைச்சாலும் அவ மேல அவ்வளவு பெருமையா இருக்கு எனக்கு.

கடைசித் துண்டு வரைக்கும் அவர் பிச்சுப் பிச்சுச் சாப்பிட்டார். கை கழுவிட்டு வந்து, “மஞ்சப்பொடி இல்லாமலும் நல்லாத்தான் இருக்கு”ன்னார். அப்புறம் எங்க பக்கம் திரும்பினார்.

“நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான் சண்டை போட்டிய? வெவரமாச் சொல்லுங்க, கேப்போம்.”

வெங்காயத்தை வதக்கணுமா, பச்சையாப் போடணுமான்னு மதியம் வரைக்கும் ஓடுச்சு அந்தப் பஞ்சாயத்து. சாயந்திரம் பஸ்ஸுக்கு அவர் மட்டும்தான் கிளம்பினார்.

இப்போ கோகிலா மறைமலை நகர்ல. மாரி ஒரகடத்துல ஒரு கம்பெனியில குவாலிட்டி இன்சார்ஜ், குன்றத்தூர்ல சொந்த வீடு, அப்பாவும் அவகூடத்தான். நான் கல்யாணம், குழந்தைன்னு வேலையை விட்டு வருஷமாச்சு. என் கிச்சன்ல பெரிய அடுப்பு, விதவிதமா நான்ஸ்டிக். சண்டை போடத்தான் ஆள் இல்ல. வீட்டுக்காரருக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு, பையனுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு... எனக்கு, எது மிஞ்சுதோ அது.

போன மாசம் மாரி வீட்டுக்குப் போயிருந்தேன். கையில முட்டையோட வந்து, “எப்படிக்கா வேணும்?”னு கேட்டா.

“எதுனாலும் சரிதான்டி”ன்னேன். சாதாரணமாத்தான் வாயில வந்துச்சு.

மாரி முட்டையைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தா.

ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த அவ அப்பா, இருந்த இடத்துல இருந்தே குரல் கொடுத்தார்.

“ஏளா, அந்தப் பிள்ளைக்கு வெங்காயத்த வதக்கிப் போடணும். மறந்துட்டியா?”