சோப்பு போட்டுக் கழுவிய பாட்டில்

கடலூரில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் நான் வேலை பார்த்தபோது, சிதம்பரம் பக்கத்துக் கழிமுகத்தில் நண்டு பிடிக்கும் அம்மாள் ஒருவர் பாட்டிலோடு வந்தார். விரல்களில் தோல் வெளுத்து உரிந்திருந்தது. பேச்சுக்கு நடுவே அவற்றை முகர்ந்து பார்த்துக்கொள்வார்.

"நுரை நுரையா ஒதுங்குது சார். நண்டுக் குஞ்செல்லாம் செத்துக் கெடக்குது. பாட்டில சோப்புத்தூள் போட்டு நல்லாக் கழுவித்தான் புடிச்சாந்தேன்."

சோப்பு கலந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டிய தண்ணீர் அது. விதிப்படி நிராகரித்து, சோப்பு போடாத பாட்டிலில் மறுபடி பிடித்து வரச் சொன்னேன். விதிகளில் நான் தவறியதே இல்லை.

மறுவாரம் காலிப் பாட்டிலோடு வந்தார்.

"நுரை அடங்கிடுச்சு சார், எதைப் புடிக்கிறது? நுரை போனா வெசமும் போயிடுமா? நாளைக்கும் அதுலதான் எறங்கணும்."

அந்தக் கேள்விக்கு எங்கள் படிவத்தில் இடமில்லை. 'மாதிரி இல்லை' என்று எழுதி அவரை அனுப்பிவிட்டேன்.

ஓய்வு பெற்றபின் தினமும் கடற்கரைக்குப் போகிறேன். தண்ணீர் தெளிவாக இருக்கும் நாட்களில்தான் கால் நனைக்கப் பயமாக இருக்கிறது.