கடற்காகத்தின் கண்ணில் ஒரு கட்டம்

படங்களுக்குச் சட்டம் போடும் அவருக்குத் தெருவில் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். மழை பெய்கிறது என்று சொன்னாலும் கையை வெளியே நீட்டிப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். காய்ச்சல் என்று கடைக்கு வராத சொந்தத் தம்பியை வீடு தேடிப் போய் நெற்றியில் கைவைத்துப் பார்த்த மனுஷன். முப்பது வருடத்தில் எந்தப் படத்தையும் அவர் முதலில் முன்பக்கம் பார்த்ததில்லை. முதுகுதான் உண்மை பேசும் என்பது அவர் கட்சி.

கடற்பறவைகளைக் கணக்கெடுக்கும் கப்பலில் மகளுக்கு வேலை. அங்கிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். நெஞ்சு நிமிர்ந்த கம்பீரத்தோடு நின்று முறைக்கும் ஒரு கடற்காகம். ‘மேல்தளத்தில் உட்கார்ந்து வரைந்தேன்’ என்று கூடவே ஒரு சீட்டு. அவள் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கடல் காத்துல ஒரு இறகுகூடவா கலையல?” என்றார். பிறகு லென்ஸை எடுத்துப் பறவையின் கண்ணருகே கொண்டுபோனார். மினுமினுவென ஒரு கட்டம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு.

“கண்ணுல ஏதாவது பளபளப்பு வைக்கறது வரையறவங்க வழக்கந்தானே,” என்றாள் மனைவி.

“பளபளப்பு வைப்பாங்க. அதுக்கு ஜன்னல் கம்பி எதுக்கு? அவ கப்பல்லயே இல்ல.”

கப்பல் வேலையே கட்டுக்கதையோ, யாரையாவது நம்பி எங்கேயாவது மாட்டிக்கொண்டாளோ என்று அவர் மனசு தாறுமாறாக ஓடியது. இருப்பது ஒரே பெண். உடனே மகளுக்குப் போன் போட்டார்.

“உண்மையைச் சொல்லு. எந்த வீட்டு ஜன்னல் அது?”



“துறைமுகத்து ஆஸ்பத்திரி ஜன்னல்ப்பா. கப்பல் படியில வழுக்கிக் கால் முறிஞ்சிடுச்சு. அஞ்சு வாரமாச்சு. அந்தப் பறவை தினமும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நிக்கும்.”

தான் சொன்னது சரிதான் என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

“எந்தக் கால்? வழுக்கினதை யார் பார்த்தா? எக்ஸ்ரே இருந்தா அனுப்பு.”

“அனுப்பறேன்ப்பா. இதுக்குத்தான் சொல்லல,” என்றாள் மகள், குரலை உயர்த்தாமல்.

மனைவி அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். “ரொம்ப வலிக்குதாம்மா?”

அவ்வளவுதான். அதுவரை நிதானமாகப் பதில் சொன்ன பெண் தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் நின்ற அவருக்கு அது நன்றாகவே கேட்டது. அந்தக் கேள்வி தன் வாயில் ஏன் வரவில்லை என்று நினைத்தபோது, அவரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.