அரம் போட்ட கைப்பிடி

நான் பொய் சொன்னேன். என்னை நம்பிக் கேட்ட தோழியிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் கிடைத்த மகிழ்ச்சியை இன்றும் அனுபவிக்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்... திட்டுவதென்றால் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டுங்கள்!

உழவர்கரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். ரொசாலி என் பள்ளித்தோழி. அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா' வீட்டுப் பெண். நாற்பதைத் தாண்டிய நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடக் கிளம்பியதை என் வீட்டுக்காரர் கேலி செய்யாத வாரம் இல்லை.

போன வருடம் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு இரண்டு புதுப் பிஸ்டல்கள் வந்தன. சுட்டதும் அடுத்த குண்டைத் தாமே ஏற்றிக்கொள்பவை. ஒன்றில் குண்டுகள் அடங்கிய மேகசின் கைப்பிடிக்குள் இருந்தது. அதனால் பிடி தடித்திருந்தது. மற்றதில் மேகசின் சுடும் விசைக்கு முன்னால் இருந்தது; பிடி ஒல்லி, பாரம் முன்பக்கம். சுட்டால் துள்ளாது. எடுத்த கை அப்படியே நிற்கும். ஆகா, என்ன சுகம்!

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மரப்பிடியை யார் அரம் போட்டுத் தன் உள்ளங்கைக்குப் பொருத்திக்கொள்கிறாரோ, போட்டிகளில் அந்தப் பிஸ்டல் அவருக்கே. ராவிய மரம் திரும்ப வளராதல்லவா?

ரொசாலி அப்போது மகளைப் பார்க்கப் பாரீஸ் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் இரண்டையும் சுட்டுப் பார்த்திருந்தேன். எது எனக்கு வேண்டுமென்று தெரிந்துவிட்டது. அவளுடைய கை என் கையைவிடச் சிறியது. ஒல்லிப் பிடி அவளுக்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பதும் தெரிந்துவிட்டது.

"எத எடுக்கட்டும், நீ சொல்லு," என்றாள்.

"ஒல்லிப் பிடி வேணாம்டி. முன்னாடி வெயிட்டு. பத்து தடவ சுட்டா மணிக்கட்டு வுட்டுப் போயிடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்! எடுத்துப் பார்க்கக்கூட இல்லை அவள். நேரே போய் அரம் வாங்கிவந்து தடித்த பிடியை ராவ உட்கார்ந்தாள். ஆடாமல் இருக்கட்டும் என்று நான்தான் பிடித்துக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை?

அடுத்து வந்த போட்டியில் கோப்பை எனக்குக் கிடைத்தது. கடைசி ஐந்து குண்டுகளும் நடு வட்டத்தில்! குழந்தைபோலக் குதித்தேன். ஏழாவதாக வந்த ரொசாலி அவர்கள் வீட்டு வழக்கப்படி என் இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அந்த ஒல்லிப் பிடிப் பிஸ்டலை எடுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தீபாவளிதான்.

சென்ற ஞாயிறு புது உறுப்பினர் ஒருவர் வந்தார். சொந்தமாகப் பிஸ்டல் வாங்கப் போகிறாராம். ரொசாலிதான் பெருமையோடு என்னிடம் அழைத்துவந்தாள்.

"இவளக் கேளுங்க. எனக்கும் இவதான் பாத்துச் சொன்னா."

என் பிஸ்டலைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் நிற்பேனா? சந்தோஷம் வாயைத் திறந்துவிட்டது.

"கண்ண மூடிட்டு ஒல்லிப் பிடிய வாங்குங்க. நூறு தடவ சுட்டாலும் மணிக்கட்டு வலிக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் ரொசாலி பக்கத்தில் நிற்பது உறைத்தது. அவள் என்னையே பார்த்தாள். வழக்கம்போல என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள். குருசுக்குப்பத்தில் அவள் வீடு வரும்வரை நானும் வாய் திறக்கவில்லை.