ரஷ்ய நாவலில் எங்கள் வீட்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவில் பனி என்றால் தெருவெல்லாம் ஐஸ் கச்சாங்குக்குத் துருவிய ஐஸைக் கொட்டியதுபோல் இருக்கும் என்று, சம்பளம் வாங்கும் வயதுவரை நம்பிய முட்டாள் நான்.

நேற்று நண்பர் ஒருவருடன் பிரிக்பீல்ட்ஸில் நடந்தேன். அந்நாளில் நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் வாங்கிய கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். "போகட்டும் பாஸ். அடுத்தவன் கதை நமக்கு எதுக்கு லா?" என்றார் நண்பர்.

எதுக்கா? கேளுங்கள்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் அப்பா வீட்டில் இருந்துகொண்டு, கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தா வேலைக்குப் போய்வந்தேன். ரயிலில் துணைக்கு ஒரு தடித்த ரஷ்ய நாவல். ஆளுக்கு மூன்று பெயர், ஒன்றும் வாயில் நுழையாது. அதனால் எங்கள் வீட்டுப் பெயர்களையே வைத்துக்கொண்டேன். மீசை முறுக்கும் ஜெனரல், அப்பா. எதற்கெடுத்தாலும் மயங்கி விழும் சீமாட்டி, அத்தை. அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தினார். பிடிவாதக்கார மகள், அக்கா.

அக்கா ஒரு சீனரைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனதிலிருந்து வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக்கூடாது. அவள் தெருமுனை என் அலுவலக ஜன்னலில் தெரியும். ரஷ்யர்களின் பீட்ரூட் சூப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய எனக்கு, அந்த வீட்டில் சீனப் பெருநாளுக்கு என்ன சமைப்பார்கள் என்று தெரியாது.

நாவலில் மகள் தனக்குப் பிடித்தவனோடு போகிறாள். ஜெனரல் கதவைச் சாத்துகிறார். ரயிலிலேயே எனக்குக் கோபம் பொங்கியது. அப்போதுதான் கவனித்தேன், ஜெனரலுக்குப் பின்னால் ஒரு தம்பி, வாயில் ரொட்டியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான். எதற்கும் உதவாதவன் என்று நான் பெயரே வைக்காமல் விட்ட ஆள். அவனுக்குப் பெயர் தேட அதிக நேரம் ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். "அக்காவைப் பாக்கப் போறேன்பா."

அவர் பேப்பரை இறக்கவில்லை. "போனா அங்கேயே இருந்துக்கோ."

"சரிப்பா" என்று செருப்பை மாட்டினேன். மாலையில் திரும்பியபோது கதவைத் திறந்தவரும் அவர்தான். ஜெனரலைவிட எங்கள் அப்பா ஒரு படி மேல்.

இன்று அப்பா இல்லை, கடை இல்லை, ரயிலில் புத்தகம் விரிக்கும் ஆட்களும் இல்லை. ஆனால் அடுத்தவன் கதை எதுக்கு என்று யார் கேட்டாலும் நான் சண்டைக்கு நிற்பேன். அந்த அடுத்தவன் இல்லையென்றால், ஜன்னலில் தெரிந்த தெருமுனையை நான் கடைசிவரை ஜன்னலிலேயே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அன்று கதவைத் திறந்த அக்காவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், ஆரஞ்சுப் பழப் பையோடு நாவலையும் நீட்டினேன். "இதைப் படிச்சேன்க்கா, அதான் வந்தேன்."

அக்கா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு ரஷ்யாக்காரன் வந்து சொல்லணுமாடா?"