அம்மாவின் முகத்தைக் கேட்டேன்

மாதாவின் பிள்ளைகளே, உங்களைப்போல் நானும் கேட்டு வாங்கியவள்தான். என் பெயர் மேரி. பாகூர் ஏரிக்கரை ஓரத்துக் கிராமம்.

இரண்டு வருடங்களுக்கு முன் அடித்த புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டில் மிதந்தது, அரிசி போனது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சுவரில் இருந்த அம்மாவின் படம் விழுந்து, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே படம். தவளக்குப்பத்து ஸ்டுடியோவில் எடுத்தது. அதைச் செல்போனில் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டுடியோவைத் தேடிப் போனால், அங்கே இப்போது செல்போன் கடைதான் இருக்கிறது.

அம்மா போனது என் கல்யாணத்துக்கு முன்பு. நடவுக்குப் போய் வந்து, சேறு காயாத காலோடு உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னும்போதே மாதா பாட்டுப் பாடுவாள். என்ன நாட்கள் அவை! அந்தக் குரல் ஞாபகம் இருந்தது, விரல் ஞாபகம் இருந்தது. படம் போன சில மாதங்களில் முகம் மட்டும் எனக்குள் கலைய ஆரம்பித்தது. பெற்றவள் முகத்தையே மறக்கிறேனே என்று பயந்துபோனேன்.

"மாதாவே, எங்க அம்மா மூஞ்ச ஒரு தடவ காட்டு" என்று கேட்கத்தான் தினமும் காலைப் பூசைக்குப் போனேன். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஏரிக்கரை மேலேயே நடை. ஊரில் மேரிகள் பலர் உண்டு. 'குண்டு மேரி' என்றால் நான். பாதி வழியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போவேன். ஜெபமாலை முடிந்துவிடும், வழி முடியாது. வேண்டுதலுக்காக இராச்சோற்றையும் விட்டேன்.

மாதங்கள் போயின. அம்மா கனவில்கூட வரவில்லை. வளையல்தான் முழங்கை வரை ஏறியது. ஜாக்கெட்டைப் பிடித்துப் பிடித்துத் தைத்தேன். "இன்னாடி மேரி, சுகரா?" என்று பார்ப்பவர்கள் கேட்டார்கள். கேட்டதும் கிடைக்கவில்லை, இருந்த உடம்பும் போகிறதே என்று மாதாவிடம் சண்டைகூடப் போட்டேன்.

போன வருடம் கோவில் திருவிழாவில் என் மகள் என்னைச் செல்போனில் படம் பிடித்தாள். விளையாட்டாக அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. அழுகிறான்.

"யக்கா, அம்மா போட்டோ எங்கக்கா கெடச்சுது?"

"இன்னாடா சொல்ற? அது நான்டா!"

"கண்ணாடில போயி பாருக்கா" என்றான்.

போனேன். தினமும் தலை வாரும் கண்ணாடிதான். சதை வற்றிய கன்னத்தில் அம்மாவின் எலும்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே அவளுடைய குழி. கழுத்தும் அவள் கழுத்து. "அம்மா" என்றேன். அவளும் அழுதாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் வைக்கலாமா என்று தம்பி கேட்டான். "டேய், நான் இன்னும் சாவலடா" என்று திட்டினேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் அன்றுதான் அப்படிச் சிரித்தோம்.

ஆண்டவருக்கும் அவர் தாய்க்கும் நன்றி. இன்றும் நடந்துதான் பூசைக்குப் போகிறேன். நீங்களும் கேளுங்கள். வரக் காணோமே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். நான் அழுதுகொண்டே நடந்த ஒவ்வொரு காலையிலும் மாதா என் அம்மாவை என் பக்கத்தில், இல்லை, என் மேலேயே கொண்டுவந்துகொண்டிருந்தாள்.