மூச்சைப்பிடி சாரின் லென்ஸ்

"நல்லா இழுங்க... பிடிங்க... ஆடாதீங்க... ம், விடுங்க."

எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க இதையே சொல்லிச் சொல்லி அவர் வாய்க்கு வேறு வசனமே மறந்துவிட்டது. மனைவி ஊசியில் நூல் கோத்தாலும், எதிர்வீட்டுக்காரர் சந்துக்குள் காரைத் திருப்பினாலும் "மூச்சைப் பிடிங்க" என்பார். மருத்துவமனையில் அவருக்கு மூச்சைப்பிடி சார் என்றே பெயர். அசல் பெயரைக் கேட்டால் சம்பளம் போடும் குமாஸ்தாவே விட்டத்தைப் பார்ப்பார்.

விடுமுறை நாளென்றால் ஏரிக்கரைக்குப் போய்விடுவார். கையில் ஒரு பழைய கேமராவும் அதோடு வந்த குட்டை லென்ஸும் இருக்கும். உயிரைக் கொடுத்து எடுத்த மீன்கொத்தியை வீட்டுக்கு வந்து காட்டினால் மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவாள். "எங்கங்க? இந்தப் புள்ளியா? நான் ஏதோ அழுக்குன்னு துடைக்கப் பாத்தேன்!" பறவைகளிடமும் அவர் மூச்சைப் பிடிக்கச் சொல்வதுண்டு. சொன்னதுமே அவை பறந்துவிடும். நோயாளிகளுக்கு இருக்கும் மரியாதை பறவைகளுக்குக் கிடையாது.

எனவே ஒரு நீள லென்ஸ் வாங்குவதென்று முடிவாயிற்று. முடிவு செய்ததென்னவோ எளிதுதான், தேர்ந்தெடுப்பதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார். விலா எலும்பு முறிந்து வந்த ஒரு கல்யாணப் புகைப்படக்காரரை எக்ஸ்ரே மேசையில் படுக்க வைத்துவிட்டு, "சார், பறவைக்கு முந்நூறு மி.மீ. லென்ஸ் போதுமா, அறுநூறே வேணுமா?" என்று கேட்டார். அந்தப் பாவப்பட்டவர் முனகிக்கொண்டே பதில் சொன்னார். "பறவைக்கு எவ்ளோ நீளம் இருந்தாலும் பத்தாது சார். ஆனா நீளம் ஏற ஏற கை கொஞ்சம் ஆடினாலும் படம் போச்சு."

அன்று மூச்சைப்பிடி சார் அவரை மூச்சை விடச் சொல்ல மறந்துபோனார்.

காரணம் இருந்தது. சில மாதங்களாகவே அவருடைய வலது கை லேசாக நடுங்குகிறது. பொத்தானை அழுத்துகிற வேலைதான் என்பதால் மருத்துவமனையில் யாருக்கும் தெரியவில்லை. கேன்டீனில் "எனக்கு அரை கிளாஸ் டீ போதும்பா" என்று சொல்லிப் பழகிக்கொண்டார். வீட்டில் அதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவி ஏனோ இப்போதெல்லாம் அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். லென்ஸுக்காகப் பாலில் மிச்சம் பிடிக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். நரம்பு டாக்டரின் அறைக்கும் அவருடைய அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நடையை எட்டிப் போடுவார். ஊரார் நெஞ்சுக்குள்ளே என்ன இருக்கிறது என்று படம் பிடித்துக் கொடுக்கிறவருக்குத் தன் கைக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பயம்.

பழைய கேமராக்கள் விற்கும் கடைக்கு மனைவியோடு போனார். கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். முதலாவது கட்டுப்படியாகிற விலை, ஆனால் நல்ல கனம். மூச்சைப்பிடி சார் அதை விளக்குக்கு நேரே தூக்கி, எக்ஸ்ரே பார்க்கிற பழக்கத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூசி இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று தேடினார். "நெஞ்சு கிளியரா இருக்கு" என்றார். கடைக்காரர் சிரித்துவிட்டு இரண்டாவதைத் தட்டிக் காட்டினார்.

"இது இன்னும் உசத்தி சார். உள்ளயே ஒரு சிஸ்டம் இருக்கு. உங்க கை நடுங்கினாலும் படம் நடுங்காது."

அவருக்கு முகம் வெளுத்தது. "என் கை எங்க நடுங்குது? எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று வேண்டாத கோபத்தோடு கேட்டுவிட்டு, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கடைக்காரர் விழித்தார். உண்மையில் மூச்சைப்பிடி சாருக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான். விலையோ கைக்கு எட்டாதது. கடன் வாங்கியாவது எடுக்கலாமென்றால் மனைவிக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் முதலாவதை வாங்கினாலோ எல்லாப் படமும் கலங்கும், குட்டு உடைந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

"கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க? கட்டுப்படியாகிறத மாட்டிப் பாருங்க" என்றாள் மனைவி. "அதோ, உங்க ஆளே வந்து உக்காந்திருக்கான்."

கடைக்கு எதிரே கால்வாய். அதன் மேலே போகிற கம்பியில் ஒரு மீன்கொத்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் முதல் லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். மூச்சைப்பிடி சார் வாசலுக்கு வந்து அதைக் கண்ணில் வைத்தார். அம்மாடி! அலகின் ஓரத்துச் சிவப்பு வரைக்கும் தெரிந்தது. ஆனால் பறவை நிற்கவில்லை. மேலும் கீழுமாக, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. கம்பியும் ஆடியது.

"காத்து போல" என்றார்.

மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அவர் முழங்கையை விலாவோடு இறுக்கினார். மூச்சைப் பிடித்தார். நடுக்கம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. நெற்றியில் வேர்வை பூத்தது.

மனைவி மெதுவாக அவருக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டி நின்றாள்.

"இதுமேல வைங்க" என்று தோளைத் தட்டினாள்.

"மறைக்காதே, என்ன பண்றே நீ?"

"டம்ளர் தளும்பறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? இன்னைக்குப் படம் எடுங்க. நாளைக்குப் பக்கத்து ரூம் டாக்டர்கிட்ட காட்டலாம், நானும் வரேன்."

அவர் லென்ஸின் கனத்தை அவள் தோளில் இறக்கினார். கம்பி நின்றது. பறவை நின்றது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.